அடை தன் இடத்தில் இருக்க வேண்டும்: வாசகர் கேள்வி–பதில்

ஆங்கிலத் தொடரமைப்பைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தபோது, மாணவர்களும் அலுவலகத்தில் பணிபுரிபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்தது. ஒரு சொல்லை விளக்க வந்த அடை, அந்தச் சொல்லை விட்டு விலகி வேறொன்றின் பக்கத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. ஆங்கில இலக்கணத்தார் இதனை ‘மிஸ்பிளேஸ்ட் மாடிஃபையர்’ என்பர். நாம் இடம் பிறழ்ந்த அடை எனலாம். ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை பல நேரங்களில் காதுக்கு அகப்பட்டுவிடும்.

கேள்வி: ‘ஐ ஆல்மோஸ்ட் ரெட் ஆல் த சாப்டர்ஸ்’ என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். ஆசிரியர் ‘ஆல்மோஸ்ட்’ என்பதை வட்டமிட்டு, ஓர் அம்புக்குறி போட்டு, ‘ஆல்’ என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். சொற்கள் அதே சொற்கள்தாமே, என்ன வேறுபாடு வந்துவிடப்போகிறது? (கல்லூரி மாணவி)

பதில்: சொற்கள் அவையேதான், ஆனால் நீங்கள் சொன்ன செய்தி அதுவன்று. ‘ஆல்மோஸ்ட் ரெட்’ என்று இரண்டு சொற்களும் ஒட்டி நிற்கும்போது, படிக்கிற அளவுக்குப் போய்விட்டுக் கடைசியில் படிக்காமலே விட்டுவிட்டீர்கள் என்று பொருள்படுகிறது. ‘ஐ ரெட் ஆல்மோஸ்ட் ஆல் த சாப்டர்ஸ்’ என்னும்போதுதான், ஓரிரு இயல்கள் நீங்கலாக எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள் என்ற செய்தி வருகிறது. இருபது இயல்களில் பத்தொன்பதைப் படித்தவருக்கும் ஒன்றையும் தொடாதவருக்கும் உள்ள தொலைவு, அந்த ஒரு சொல் இருக்கும் இடத்தில் அடங்கியிருக்கிறது. உங்கள் ஆசிரியர் போட்ட அம்புக்குறி மிகச் சரியானது.

நம்மவர்க்கு இது ஏன் எளிதில் புலப்படுவதில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் வரையறுக்கும் சொற்களான ‘மட்டும்’, ‘தான்’, ‘உம்’, ‘ஏ’ ஆகியவை தாம் வரையறுக்கும் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ‘நான் மட்டும் நேற்று அவரிடம் பேசினேன்’, ‘நான் நேற்று மட்டும் அவரிடம் பேசினேன்’, ‘நான் நேற்று அவரிடம் மட்டும் பேசினேன்’ என்று ‘மட்டும்’ எந்தச் சொல்லைப் பற்றிக்கொள்கிறதோ அதற்கே உரியதாகிறது. பிறகு ‘அவரிடம் மட்டும் நான் நேற்றுப் பேசினேன்’ என்று தொடரையே புரட்டிப் போட்டாலும், ‘மட்டும்’ தன் சொல்லோடு சேர்ந்தே பெயர்கிறது. பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபும், வினைமுற்றுக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இருப்பதால், தமிழ்ச் சொற்கள் எங்கே போனாலும் தம் அடையாளத்தைக் கையோடு கொண்டுபோகின்றன.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் ஓரளவு இப்படித்தான் இருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு மட்டுமின்றி அவற்றின் அடைகளுக்கும் வேற்றுமை காட்டும் ஈறுகள் இருந்தன. அவை பின்வந்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தன. ஈறுகள் செய்துவந்த வேலையைச் சொற்களின் வரிசை ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தில் எந்தச் சொல் எதற்கு உரியது என்பதை முதலில் சொல்வது அது நிற்கும் இடம்தான். ‘ஒன்லி ஐ ஸ்போக் டு ஹிம்’ என்றால் நான் மட்டும் பேசினேன், வேறு எவரும் பேசவில்லை. ‘ஐ ஸ்போக் ஒன்லி டு ஹிம்’ என்றால் அவரிடம் மட்டும் பேசினேன். ‘ஐ ஸ்போக் டு ஹிம் ஒன்லி யெஸ்டர்டே’ என்றாலோ நேற்றுத்தான் பேசினேன், அதாவது பேசி ஒரு நாள்தான் ஆகிறது என்ற பொருளும் வந்து சேர்கிறது. ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’, ‘ஈவன்’, ‘ஜஸ்ட்’, ‘ஹார்ட்லி’ ஆகியவற்றையும் இதே கவனத்தோடு கையாள வேண்டும். எழுதி முடித்தபின் இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்து நிற்கும் சொல்லைத்தான் நீங்கள் வரையறுக்க நினைத்தீர்களா என்று கேட்டுக்கொண்டால், பாதிப் பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘ஐ ஒன்லி ஹாவ் டூ புக்ஸ்’ என்று பேசுகிறார்கள். ‘ஐ ஹாவ் ஒன்லி டூ புக்ஸ்’ என்பதே சரி என்றால், அவர்கள் பேசுவது தவறா? (வங்கிப் பணியாளர்)

பதில்: தவறன்று. பேச்சில் ‘ஒன்லி’ வினைக்கு முன்னால் வருவது ஆங்கிலத்தின் இயல்பான வழக்கு. எந்தச் சொல்லை அது வரையறுக்கிறது என்பதைப் பேசுபவரின் குரல் அழுத்தம் காட்டிவிடுகிறது. 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர், பொருள் மயக்கம் எழாத இடத்திலும் ‘ஒன்லி’யை இழுத்து இடம் மாற்றச் சொல்பவர்களைக் கண்டித்து, இயல்பான இடத்திலேயே அதை இருக்கவிடலாம் என்று வாதிட்டார். அவர் சொன்னது எனக்கு உடன்பாடே.

ஆனால் எழுத்தில் குரல் இல்லை. ஒரு விதிமுறையில் ‘மெம்பர்ஸ் மே ஒன்லி யூஸ் த ஹால் ஆன் சண்டேஸ்’ என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கூடத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் படிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தை மட்டுமே பயன்படுத்தலாம், மற்ற அறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொருவர் படிப்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘மெம்பர்ஸ் மே யூஸ் த ஹால் ஒன்லி ஆன் சண்டேஸ்’ என்றோ, ‘ஆன் சண்டேஸ் மெம்பர்ஸ் மே யூஸ் ஒன்லி த ஹால்’ என்றோ எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. ஒப்பந்தம், விதிமுறை, மருந்துக் குறிப்பு, தேர்வு விடை என்று படிப்பவர் திரும்பக் கேட்க முடியாத எழுத்து எதுவானாலும், அடையை அதன் சொல்லோடு ஒட்டவைப்பது எழுதுபவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ‘ஹாவிங் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட், த கம்ப்யூட்டர் வாஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்று எழுதினேன். இந்தத் தொடரில் அடை தொங்குகிறது என்று மேலதிகாரி குறிப்பு எழுதினார். அந்தப் பகுதியைத் தொடரின் கடைசிக்கு மாற்றினேன். அதுவும் சரியில்லை என்கிறார். எங்கே தவறு? (அலுவலக உதவியாளர்)

பதில்: இடம் பிறழ்ந்த அடைக்கும் தொங்கும் அடைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கேள்வியே வெளியே கொண்டுவந்துவிட்டது. முதல் வகையில் அடைக்கு உரிய சொல் தொடருக்குள்ளேயே இருக்கிறது, தள்ளி இருக்கிறது. அருகில் கொண்டுவந்தால் போதும். இரண்டாம் வகையில் அந்தச் சொல்லே தொடரில் இல்லை. அறிக்கையை முடித்தவர் நீங்கள். ஆனால் உங்களைக் குறிக்கும் சொல் உங்கள் தொடரில் எங்கும் காணப்படவில்லை. இருக்கும் ஒரே எழுவாய் கணினி. ஆகவே அறிக்கையைக் கணினி எழுதி முடித்ததாகத் தொடர் சொல்கிறது, அந்தப் பகுதியை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் அப்படியேதான் சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கண நூலைத் தேட வேண்டியதில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. ‘அவன் வந்து அமர்ந்தான்’ என்னும்போது வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. ‘அறிக்கையை முடித்து, கணினி அணைந்தது’ என்று தமிழில் ஒருபோதும் எழுத மாட்டீர்கள்; முடித்தவர் யார் என்று மனம் உடனே கேட்டுவிடும். ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கத்தில் வரும் ‘ஹாவிங் ஃபினிஷ்ட்’, ‘வாக்கிங்’, ‘சீயிங்’ போன்ற எச்சங்கள் நம் ‘செய்து’ என்னும் எச்சத்துக்குத்தான் உறவு. காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயே அவற்றுக்கும் வினைமுதல்.

அப்படியானால் தமிழறிந்தவருக்கு இந்தப் பிழை வரவே கூடாதே என்று கேட்கலாம். வருவதற்குக் காரணம், தமிழில் வேறு எச்சங்களும் இருப்பதுதான். ‘நான் வீட்டுக்கு நடந்து செல்கையில் மழை பிடித்துக்கொண்டது’ என்பது குற்றமற்ற தமிழ். ‘செல்கையில்’ என்பதற்கு ஒரு வினைமுதலும் ‘பிடித்துக்கொண்டது’ என்பதற்கு வேறொரு வினைமுதலும் இருக்கலாம். ‘நான்’ என்பதை விட்டுவிட்டாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். இதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு ‘வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதும்போது மழை வீட்டுக்கு நடந்து போய்விடுகிறது. ‘கையில்’, ‘போது’ என்று முடியும் எச்சங்களை வெறும் ‘இங்’ சேர்த்து ஆங்கிலமாக்கக் கூடாது. ‘வைல் ஐ வாஸ் வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எச்சத்துக்கு உரிய வினைமுதலை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். நான் திருத்திய மொழிபெயர்ப்புகளில் தொங்கும் அடைகள் மிகுதியாக வந்தது இந்த வழியாகத்தான்.

இன்னொரு வழி செயப்பாட்டுவினை. அலுவலக ஆங்கிலத்தில் ‘நான்’, ‘நாங்கள்’ என்று எழுதத் தயங்கி ‘வாஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்’, ‘வாஸ் க்ளோஸ்ட்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். செய்தவரைத் தொடரிலிருந்து நீக்கியபின் அவருக்கு உரிய எச்சத்தை மட்டும் முன்னால் வைத்திருப்பதால் அது பற்றுக்கோடின்றி நிற்கிறது. ‘ஹாவிங் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட், ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த கம்ப்யூட்டர்’ என்று செய்தவரை எழுவாயாக்குங்கள். செயப்பாட்டுவினைதான் வேண்டும் என்றால் ‘ஆஃப்டர் த ரிப்போர்ட் வாஸ் ஃபினிஷ்ட், த கம்ப்யூட்டர் வாஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்று எச்சத்தை முழுத் துணைத்தொடராக விரித்துவிடுங்கள். ‘டு கெட் குட் மார்க்ஸ், கிராமர் மஸ்ட் பி லேர்ன்ட்’ என்பதிலும் இதே கதைதான்: மதிப்பெண் வாங்கப் போவது இலக்கணமன்று, மாணவர், ‘யூ மஸ்ட் லேர்ன் கிராமர்’ என்று முடிக்க வேண்டும்.

‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதில் ‘செய்து’ என்னும் எச்சம் பிற வினைமுதலைக் கொண்டிருக்கிறதே என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பார்கள். ‘பெய்து’ என்பது அங்கே ‘பெய்ததனால்’ என்று காரணப் பொருள் தந்து நிற்கிறது. மேலும் ‘மழை’ என்ற அதன் வினைமுதல் அதன் பக்கத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. ஆங்கிலமும் இந்த விலக்கை அறியும். ‘த ரெயின் ஹாவிங் ஸ்டாப்ட், த கேம் பிகேன் அகெய்ன்’ என்பது சரியான தொடர். எச்சம் தன் வினைமுதலைத் தானே கொண்டுவந்திருப்பதால் அது எதிலும் தொங்கவில்லை.

கேள்வி: ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ பிராக்டிஸ் ஆஃபன் இம்ப்ரூவ்’ என்ற தொடரில் என்ன பிழை? அடை பக்கத்துச் சொல்லோடுதானே இருக்கிறது? (தேர்வுக்குப் படிப்பவர்)

பதில்: இரண்டு பக்கத்துச் சொற்களோடும் இருப்பதுதான் பிழை. அடிக்கடி பயிற்சி செய்கிறவர்கள் முன்னேறுகிறார்களா, பயிற்சி செய்கிறவர்கள் அடிக்கடி முன்னேறுகிறார்களா? ஒரே நேரத்தில் இரு பக்கமும் பார்க்கும் இத்தகைய அடையை ‘ஸ்குவின்டிங் மாடிஃபையர்’ என்பார்கள். ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஆஃபன் பிராக்டிஸ் இம்ப்ரூவ்’ என்று எழுதினால் மயக்கம் நீங்கும். ஆனால் இரண்டு வினைகள் நெருங்கி நின்று காதை உறுத்தும். ‘ஸ்டூடன்ட்ஸ் இம்ப்ரூவ் இஃப் தே பிராக்டிஸ் ஆஃபன்’ என்று தொடரையே மாற்றிக் கட்டுவதைத்தான் நான் விரும்புவேன்.

கேள்வி: ஆங்கிலத்தின் இந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறோம், தமிழில் அடை இடம் மாறிப் பொருள் கெடுவதே இல்லையா? (தமிழாசிரியர்)

பதில்: உண்டு, ஐயா. ‘பெரிய வீட்டுக் கதவு’ என்றால் பெரியது வீடா கதவா என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. ‘புலி கொல் யானை’ என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியது நினைவிருக்கும்: புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு மறைந்த இடத்தில் தமிழும் தடுமாறுகிறது. அதனால்தான் நம் இலக்கணத்தார் அதற்குத் தடுமாறு தொழிற்பெயர் என்றே பெயரிட்டார்கள். உருபு போனதும் பொருள் தடுமாறுவதை இந்த மூன்று சொற்களில் பார்த்துவிட்டால், ஈறுகளை இழந்த ஆங்கிலம் ஏன் சொல்வரிசையை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது மாணவர்க்கு உடனே விளங்கும். வகுப்பில் இப்படித் தொடங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்யுளுக்கு நாம் கூடுதல் உரிமை கொடுத்திருக்கிறோம். ‘சுரை ஆழ அம்மி மிதப்ப’ என்று வரும் பழம்பாட்டில் சுரைக்காய் மூழ்குவதாகவும் அம்மி மிதப்பதாகவும் சொற்கள் நிற்கின்றன. அம்மி ஆழ, சுரை மிதப்ப என்று மாற்றிக் கூட்டிப் பொருள் கொள்வதை மொழிமாற்றுப் பொருள்கோள் என்று நன்னூல் கூறும் எட்டு வகைப் பொருள்கோள்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டோம். உரைநடையில், அதுவும் ஆங்கில உரைநடையில், படிப்பவர் நமக்காக இப்படிச் சொற்களை மாற்றிக் கூட்டிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெயரெச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்று தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டி வருகிறது. ஆங்கிலத்தில் ‘விச்’, ‘ஹூ’, ‘தட்’ தொடங்கும் பகுதி பெயருக்குப் பின்னால் வருகிறது. ‘ஐ கேவ் த புக் டு மை பிரதர் தட் ஐ பாட் யெஸ்டர்டே’ என்று எழுதினால், நேற்று வாங்கியது தம்பியை என்றாகிவிடுகிறது. ‘ஐ கேவ் மை பிரதர் த புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே’ என்று புத்தகத்தையும் அதன் விளக்கத்தையும் பிரிக்காமல் வைத்தால் போதும்.

கேள்வி: ‘கன்சிடரிங் த வெதர், த டிரிப் வென்ட் வெல்’ என்று அகராதியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பயணமா வானிலையைக் கருதியது? பெரிய எழுத்தாளர்களும் இப்படி எழுதியிருக்கிறார்களே? (மொழிபெயர்ப்பாளர்)

பதில்: ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’, ‘கிவன்’ போன்றவை நெடுங்கால வழக்கில் எச்சத் தன்மையை இழந்து இடைச்சொற்களைப் போல ஆகிவிட்டன. நம் ‘பற்றி’, ‘குறித்து’ ஆகியவையும் வினையெச்சமாகத் தொடங்கிச் சொல்லுருபாக மாறியவைதாமே. அவற்றுக்கு நாம் வினைமுதல் தேடுவதில்லை. ‘ஹோப்ஃபுலி’ என்று தொடரைத் தொடங்குவதும் அவ்வாறே ஏற்புடையதாகிவிட்டது. நெடுங்காலம் அதை மறுத்துவந்த அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2012-இல் அதை ஏற்றுக்கொண்டது.

பெரிய எழுத்தாளர்கள் என்பதும் உண்மை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தோட்டத்தில் உறங்கிக்கொண்டிருக்கையில் தன்னைப் பாம்பு தீண்டியதாக ஊருக்குச் சொல்லப்பட்டது என்று தந்தையின் ஆவி சொல்கிறது. ஆங்கில மூலத்தில் உறக்கத்தைக் குறிக்கும் எச்சத்தை அடுத்துப் பாம்புதான் எழுவாயாக வருகிறது. இலக்கணப்படி உறங்கியது பாம்பு. மேடையில் யாருக்கும் இதில் ஐயம் எழுவதில்லை, நாடகச் சூழல் பொருளைத் தாங்கிக்கொள்கிறது. நம் மனுவுக்கும் அறிக்கைக்கும் அத்தகைய தாங்கல் கிடையாது.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்க நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் முதல் வரி: ‘பீயிங் எ டிரெய்ன்ட் அக்கவுண்டன்ட், யுவர் அட்வர்டைஸ்மென்ட் இன்ட்ரஸ்டட் மி.’ பயிற்சி பெற்ற கணக்கர் நீங்கள். ஆனால் தொடரின் எழுவாய் விளம்பரம். ‘ஆஸ் எ டிரெய்ன்ட் அக்கவுண்டன்ட், ஐ ரெட் யுவர் அட்வர்டைஸ்மென்ட் வித் இன்ட்ரஸ்ட்’ என்று உங்களை எழுவாயாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வரி: ‘ஐ ஹாவ் ஒன்லி வொர்க்ட் இன் ஒன் ஆஃபிஸ் ஃபார் டென் இயர்ஸ்.’ பத்து ஆண்டுகளும் ஒரே அலுவலகத்தில் நிலைத்து நின்றதைப் பெருமையாகச் சொல்ல வந்தீர்கள். படிப்பவருக்கோ, வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை என்பது போலவும் பத்து ஆண்டுதான் வேலை பார்த்திருக்கிறார் என்பது போலவும் அந்த ‘ஒன்லி’ குறைத்துக் காட்டுகிறது. இங்கே அதை இடம் மாற்றுவதைவிட நீக்குவதே நல்லது: ‘ஐ ஹாவ் வொர்க்ட் இன் த சேம் ஆஃபிஸ் ஃபார் டென் இயர்ஸ்.’

மூன்றாம் வரி: ‘ஐ ஹாவ் எ சர்ட்டிஃபிகேட் ஃப்ரம் மை மேனேஜர் விச் இஸ் அட்டாச்ட்.’ ‘விச்’ ஆளைக் குறிக்காது என்பதால் இணைக்கப்பட்டது மேலாளர் என்று யாரும் படிக்க மாட்டார்கள். இருந்தாலும் சான்றிதழுக்கு உரிய சொல் அதனிடமிருந்து எட்டி நிற்கிறது. ‘ஐ ஹாவ் அட்டாச்ட் எ சர்ட்டிஃபிகேட் ஃப்ரம் மை மேனேஜர்’ என்றால் தொடர் சுருங்கவும் செய்கிறது.

நான்காம் வரியைத்தான் கட்டாயம் மாற்ற வேண்டும்: ‘ஆஃப்டர் ரீடிங் மை அப்ளிகேஷன், ஐ ஹோப் யூ வில் கால் மி.’ காற்புள்ளியை அடுத்து ‘ஐ’ வந்துவிட்டதால், விண்ணப்பத்தைப் படித்தவர் நீங்களே ஆகிவிட்டீர்கள். நல்லவேளையாக, இங்கே படிக்க வேண்டியவரைக் குறிக்கும் ‘யூ’ தொடருக்குள்ளேயே இருக்கிறது. எதையும் சேர்க்க வேண்டாம், நீக்கவும் வேண்டாம், முதல் நான்கு சொற்களை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுங்கள்: ‘ஐ ஹோப் யூ வில் கால் மி ஆஃப்டர் ரீடிங் மை அப்ளிகேஷன்.’ இப்போது அனுப்பலாம்.